ஒன்பது கிலோ வெல்லம்

எதைப் பார்த்தாலும் எண்ணுவது என் பழக்கம். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்குப் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். எண்ணாமல் ஒரு பெட்டியையும் வெளியே அனுப்பியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு எண்ணப் பெட்டிகள் இல்லை. படிக்கட்டுகள், கம்பியில் உட்கார்ந்த மைனாக்கள், மருந்துப் பட்டையில் மீதமிருக்கும் மாத்திரைகள் என்று கண்ணில் படுவதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இதைக் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

பேத்தி பிறந்த பிறகு, கார்களுக்குள் இருக்கும் குழந்தைகளை எண்ண ஆரம்பித்தேன். ஜூஜுவாடியில் ஒரு நாள் காலை பஸ்ஸுக்காக நின்றேன். கர்நாடக எல்லை தாண்டிப் போகிற வண்டிகள் அங்கே ஊர்ந்துதான் போகும். உள்ளே இருப்பவர்கள் நன்றாகத் தெரிவார்கள். பஸ் வருவதற்குள் பதினேழு குழந்தைகள் என்னைக் கடந்து போனார்கள். பதினோரு பேர் முன் சீட்டில் அம்மா மடியில். நான்கு பேர் இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு. ஒருவன் அப்பா மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். ஒரு பெண் குழந்தை கூரைக் கண்ணாடியைத் திறந்து மேலே தலையை நீட்டி எனக்குக் கை காட்டியது. நானும் கை காட்டினேன். பதினேழு பேரில் ஒருவர்கூடப் பெல்ட்டுக்குள் இல்லை.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன்.

"அப்பா, நீங்க பஸ்ஸுக்குப் போனீங்களா, ஜனத்தொகை கணக்கெடுக்கப் போனீங்களா?" என்றான்.

பிரேக்கோடு காலம் கழித்தவனுக்கு ஒரு விஷயம் தெரியும். பிரேக் வண்டியை மட்டும்தான் நிறுத்தும். வண்டிக்குள் இருப்பவர்கள் வண்டி போன வேகத்திலேயே போய்க்கொண்டிருப்பார்கள், ஏதாவது ஒன்று அவர்களைப் பிடித்து நிறுத்தும் வரை. அது பெல்ட்டாக இருந்தால் நல்லது. கண்ணாடியாகவும் இருக்கலாம். எத்தனையோ வருடம் அந்தப் பாகங்களை அளந்து பார்த்து, சரி என்று முத்திரை குத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனதுக்குள் இந்த இடத்துக்கு வந்து நின்றிருக்கிறேன்.

எங்கள் காரில் குழந்தைக்குத் தனி சீட் வாங்கிப் பொருத்தியே ஆக வேண்டும் என்றேன். மகன் மறுக்கவில்லை. தன் ஆபீஸ் நண்பர் ஒருவர் பழைய சீட்டைச் சும்மாவே தருவதாகச் சொன்னான். அந்த நண்பரின் கார் எப்போதாவது எதிலாவது மோதியதா என்று கேட்டேன். அது எப்படி அவரிடம் கேட்பது என்றான். கேட்க முடியாது என்றால் வாங்கவும் வேண்டாம் என்றேன். ஒரு முறை மோதலில் அடிபட்ட சீட் வெளியே பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தொழிற்சாலையில் கீழே விழுந்த பாகத்தை மறுபடி பெட்டியில் போட மாட்டோம்.

பாகலூர் சாலையில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் முன்னால் வந்து, "எத்தனை மாசம் சார்?" என்றார்.

"மாசம் இருக்கட்டும். எட்டே முக்கால் கிலோ. எழுபத்தோரு சென்டிமீட்டர்."

அவர் மகனைப் பார்த்தார். மகன் சுவரைப் பார்த்தான்.

ஒரே வயதுக் குழந்தைகளில் ஒன்று குண்டாக இருக்கும், ஒன்று ஒல்லியாக இருக்கும். சீட்டின் மேல் ஒட்டியிருக்கும் அட்டையில் எடையும் உயரமும்தான் முக்கியம். அவர் முதலில் காட்டிய சீட் பெரியது. பொம்மைகள் தொங்க, குழந்தை சாலையைப் பார்த்து உட்காரும் வகை. எனக்குப் பின்பக்கம் பார்த்து உட்காரும் வகை வேண்டும் என்றேன்.

"எல்லாரும் ரோட்டைப் பார்க்கிற மாதிரிதான் சார் கேப்பாங்க. பாப்பாவுக்குப் போர் அடிக்காதா?"

கைக்குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். கழுத்து இன்னும் உறுதிப்படவில்லை. வண்டி சட்டென்று நின்றால், சாலையைப் பார்த்திருக்கும் குழந்தையின் தலை முன்னால் வீசப்படும். அந்த இழுப்பையெல்லாம் கழுத்துதான் தாங்க வேண்டும். பின்பக்கம் பார்த்திருந்தால் முதுகும் தலையும் சேர்ந்து சீட்டில் அழுந்தும். இதை அவருக்கு விளக்கினேன். அவர் உள்ளே போய், தூசி படிந்த ஒரு பெட்டியை எடுத்து வந்தார்.

காரில் பொருத்திப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்றும் சொன்னேன். வெளியே வெயிலில் மகனும் கடைக்காரரும் பின் சீட்டில் அதை வைத்துப் பெல்ட் மாட்டினார்கள். பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. அது ஒரு சாண் வழுக்கிப் போனது. மறுபடி இறுக்கினார்கள். மறுபடியும் வழுக்கியது. குனிந்து பார்த்தால், பின் சீட்டின் மேல் கம்பெனியில் போட்டு அனுப்பிய பாலிதீன் உறை இன்னும் அப்படியே இருந்தது. நம் ஊரில் வண்டி புதிது என்பதற்கு அந்த உறைதான் சாட்சி. அதைக் கிழித்தால் வண்டி பழசாகிவிடும்.

"அப்பா, வண்டி எடுத்து எட்டு மாசம்தான் ஆகுது!" என்று மகன் கத்துவதற்குள் கிழித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சீட் அசையவில்லை. மகன்தான் அந்த உறையை மடித்து டிக்கியில் வைத்துக்கொண்டான்.

பதினோராம் மாதம், தை பிறந்ததும், பேத்திக்கு மொட்டையும் காதுகுத்தும் வைத்தோம். எங்கள் குலதெய்வம் வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு மாந்தோப்புக்கு நடுவில் இருக்கும் அம்மன். பிறந்த பத்தாம் நாள் குழந்தை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் எடைக்கு எடை வெல்லம் தருகிறேன் என்று மருமகள் வேண்டிக்கொண்டிருந்தாள். தராசின் ஒரு தட்டில் குழந்தை, மறு தட்டில் வெல்லம்.

வெல்லம் வாங்கும் வேலை என்னுடையது. முதல் நாள் குழந்தையை எடை போட்டேன். ஒன்பது கிலோ நூறு கிராம். உருண்டை வெல்லமாக ஒன்பது கிலோ இருநூறு வாங்கினேன். கோயில் போய்ச் சேர்வதற்குள் நூறு கிராமாவது சாப்பிட்டுவிடும் என்று ஒரு கணக்கு. மஞ்சளில் நனைத்துக் காயவைத்த புதுத் துணிப் பையில் மருமகள் அதைக் கட்டி வைத்தாள்.

மறுநாள் காலை மருமகளின் அண்ணன் வந்தான். பேரிகை ஊர்க்காரன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பொங்கல் வைக்க உதவியாக முதல் நாளே உறவினர்களோடு கோயிலுக்குப் போயிருந்தார்கள். அவன் கையில் சீர்த்தட்டு. பட்டுப்பாவாடை, தோடு, வாழைப்பழம், தேங்காய் எல்லாம் அதில் இருந்தன. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் மொட்டை அடிப்பார்கள், காது குத்துவார்கள். அந்த நாளில் அவனைவிடப் பெரிய ஆள் கிடையாது.

பனி இன்னும் விலகவில்லை. மருமகள் குழந்தைக்குத் தடியான கம்பளிச் சட்டை போட்டுத் தூக்கி வந்தாள். அதைக் கழற்றச் சொன்னேன். கம்பளியின் மேல் பட்டையை இறுக்கினால் இறுகியது போலத் தெரியும். உள்ளே இடைவெளி இருக்கும். மெல்லிய சட்டையோடு உட்கார வைத்து, தோள் பட்டைகளை இரண்டு விரலால் கிள்ளினால் மடிப்பு எழும்பாத அளவுக்கு இறுக்கி, பிறகு மேலே சால்வையைப் போர்த்தினேன்.

அவன் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா இது? சந்தைக்கு ஓட்டிப்போற ஆட்டுக்குட்டி மாதிரி பிள்ளையக் கட்டிப் போடுறீங்க?"

"ரோட்டுல போறப்ப இப்படித்தான் தம்பி."

"அதுவும் முதுகைக் காட்டிக்கிட்டு! சாமி கும்பிடப் போற பிள்ளை, போற திசையைப் பார்க்க வேணாமா? குடுங்க, நான் மடியில வச்சுக்கறேன். இன்னிக்கு அது என் மடிதான்."

"கோயில்ல உன் மடிதான் தம்பி. யார் இல்லேன்னா?"

"அப்ப வீட்டுல இருந்து கோயில் வரைக்கும் நான் யாரு? வாடகை வண்டியில ஏறின ஆளா?"

மகன் என் காதருகே வந்து, "அப்பா, இன்னிக்கு ஒரு நாள்தானே. மெதுவா ஓட்டறேன்" என்றான்.

காரின் கதவைப் பிடித்தபடி நின்றேன். மெதுவாக ஓட்டுகிறவனும் எதிரே வருகிறவனுக்குக் கட்டுப்பட்டவன்தான். நெடுஞ்சாலையில் அன்று எத்தனை லாரி போகும், எத்தனை இடத்தில் தடுப்புச் சுவரை உடைத்து வழி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து மீண்டு வந்த ஒரு குழந்தையை ஒரு மனஸ்தாபத்துக்குப் பயந்து மடியில் வைத்துக் கொண்டுபோவதா? ஆனால் நான் பிடிவாதம் பிடித்தால் தாய்மாமன் திரும்பிப் போய்விடுவான். தாய்மாமன் இல்லாமல் காதுகுத்து இல்லை. அந்தப் பழி மருமகள் தலையில்தான் விழும்.

அண்ணனும் தங்கையும் கோபம் வந்தால் தெலுங்குக்கு மாறிவிடுவார்கள். எனக்குப் புரியாது என்று எண்ணம். ஓசூரில் இத்தனை வருடம் இருந்தவனுக்குத் தெலுங்கு புரியாமல் இருக்குமா? ஊரில் கேட்டால் என்ன சொல்வது, கிழவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு என்னை அவமானப்படுத்துகிறாய் என்றான் அவன். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றவள் நான், நீ இல்லை என்றாள் அவள். பிறகு தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அண்ணா, கோயில்ல இறங்கினதும் அவளை உன் கையிலதான் குடுப்பேன். அது வரைக்கும் அவ சீட்டுலதான் வருவா. நீ வேணும்னா பக்கத்துல உக்காந்துக்கோ."

அவன் சீர்த்தட்டை டிக்கியில் வைத்தான். பிறகு பின் சீட்டில் நடுவில் ஏறி உட்கார்ந்தான். ஒரு பக்கம் குழந்தை, மறுபக்கம் மருமகள். மகன் ஓட்ட, நான் முன்னால் அவன் பக்கத்தில்.

வெல்லப் பை மட்டும் மிச்சம். டிக்கியில் பொங்கல் பானை, விறகு, வாழைத்தார், கூடையில் கோழி. பையைக் கீழே வைத்தால் கால் படும். அம்மனுக்குப் போகிற பொருள். அவன் கையை நீட்டினான்.

"இங்க குடுங்க மாமா. பிள்ளையைத்தான் மடியில வைக்க விடல. பிள்ளையோட எடையையாவது வச்சுக்கறேன்."

மகன் சிரித்தான். மருமகளும் சிரித்துவிட்டாள். நான் பெல்ட் போடச் சொன்னேன். "பின்னாடி எதுக்கு மாமா?" என்று கேட்டு, பையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான்.

சூளகிரி வரை ஒன்றும் இல்லை. பின்னால் குழந்தையிடம் அவன் விளையாடும் சத்தம் கேட்டது. குழந்தை பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் அதன் முகம் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பாரு, மாமன் மடியில உன் தங்கச்சி உக்காந்திருக்கா" என்று பையைத் தட்டித் தட்டிக் காட்டினான். குழந்தை கெக்கலித்தது.

சூளகிரி தாண்டிக் கொஞ்ச தூரத்தில், தடுப்புச் சுவரின் இடைவெளியிலிருந்து ஒரு மொபெட் குறுக்கே வந்தது. பின்னால் இரண்டு பக்கமும் கொத்தமல்லிக் கட்டுகள். ஓட்டியவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மகன் பிரேக்கை மிதித்தான்.

என் பெல்ட் மார்பை அழுத்தியது. அதே நொடியில் எனக்கும் மகனுக்கும் நடுவே மஞ்சளாக ஒன்று பாய்ந்து போய் முன்னாலிருந்த டாஷ்போர்டில் மோதியது. அதில் பதித்திருந்த வீடியோ திரை உடைந்தது. துணி கிழிந்து, வெல்ல உருண்டைகள் கண்ணாடியிலும் என் முழங்காலிலும் தெறித்தன. தாய்மாமனின் தோள் ஓட்டுநர் சீட்டின் முதுகில் வந்து இடித்தது. வண்டி நின்றது. மொபெட் போய்விட்டது. சாலையில் நாலைந்து கொத்தமல்லித் தழைகள் கிடந்தன.

முதலில் குழந்தையின் அழுகை கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று மருமகள் சொல்வது கேட்டது. பிறகுதான் திரும்பினேன். சீட் அதே இடத்தில் இருந்தது. சால்வை மட்டும் நழுவியிருந்தது. குழந்தை பயந்து அழுதது, அவ்வளவுதான். சற்று நேரத்தில் அழுகையை நிறுத்திவிட்டுத் தன் மாமனைப் பார்த்தது.

அவன் இரண்டு கைகளையும் மடி மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பையின் முடிச்சுத் துணி ஒரு துண்டு இன்னும் அவன் விரலில் சுற்றியிருந்தது. நன்றாக வேலை செய்து உரமேறிய கைகள். ஷிப்டில் இரும்புத் தட்டுகளைத் தூக்கி மெஷினில் வைக்கிற கைகள். அவன் கைகளையும் உடைந்த திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கெட்டியாத்தான் பிடிச்சிருந்தேன் மாமா" என்றான்.

"தெரியும் தம்பி."

மகன் வண்டியை ஓரம் கட்டினான். நாங்கள் இறங்கி, வெல்லத்தைப் பொறுக்கினோம். நான் எண்ணவில்லை. எண்ண முடியவில்லை. மறுபடி கிளம்பும்போது தாய்மாமன் நடு சீட்டின் பெல்ட்டை இடுக்கிலிருந்து தோண்டி எடுத்துப் போட்டுக்கொண்டான். பொறுக்கிய வெல்லத்தைத் தாம்பாளத்தில் வைத்து மூடி, வாழைத்தாரை நகர்த்தி டிக்கியில் இடம் செய்திருந்தோம்.

கோயிலில் மருமகள் சொன்னபடியே குழந்தையை முதலில் அண்ணன் கையில் கொடுத்தாள். மொட்டை அடித்து முடியும் வரை அவன் குழந்தையின் தாடையை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்திருந்தான். ஆசாரி காது குத்தியபோது, குழந்தை அழுவதற்கு முன்பே அவன் கண் கலங்கிவிட்டது. உறவுக்காரர்கள் கேலி செய்தார்கள். "மாமனுக்கா காது குத்தறாங்க?" என்று யாரோ கேட்டார்கள். அவன் சிரிக்கவில்லை.

தராசில் குழந்தையை வைத்தபோது வெல்லத் தட்டு மேலே நின்றது. பொடிந்து போனது போக எடை குறைந்திருந்தது. கீழே விழுந்ததைக் காணிக்கையாக வைக்கலாமா என்று மருமகள் பூசாரியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கரும்பே மண்ணுல இருந்துதானம்மா வருது, வை" என்றார் அவர். தாய்மாமன் தன் சீர்த்தட்டிலிருந்து தேங்காய்களை எடுத்து ஒவ்வொன்றாக அந்தத் தட்டில் வைத்தான். மூன்றாவது தேங்காய்க்குத் தட்டுகள் சமமாயின. எல்லோரும் கும்பிட்டார்கள். அவன் கும்பிட மறந்து, எதிர்த் தட்டில் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வெல்லத்தின் கனம் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

திரும்பும்போது குழந்தை காது வலியில் சிணுங்கியது. உறவுக்காரப் பெண்கள் நாலைந்து பேர் காரைச் சுற்றி நின்றார்கள். "இந்த நேரத்துலயா கட்டிப் போடுவீங்க, மடியில போட்டுத் தட்டிக் குடுங்க" என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் குழந்தையைத் தூக்கிச் சீட்டில் உட்கார வைத்தான். காதில் படாமல் பட்டையைத் தோளுக்கு ஏற்றினான். கொக்கியை மாட்டினான். சத்தம் வந்தது. காலையில் நான் செய்ததைப் பார்த்திருக்கிறான். இரண்டு விரலால் பட்டையைக் கிள்ளிப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

மாலையில் ஓசூர் வந்தோம். அவன் மனைவியும் பிள்ளைகளும் உறவினர் வேனில் முன்பே வந்து எங்கள் வாசலில் காத்திருந்தார்கள். அவனுடைய பைக் காலையிலிருந்து அங்கேயே நின்றது. எப்போதும் போல, சின்னவன் ஓடிப் போய்ப் பெட்ரோல் டேங்க் மேல் ஏறிக்கொண்டான். மூன்று வயது. பெரியவள், ஐந்து வயது, நடுவில் உட்காரத் தயாராக நின்றாள். அவள் பின்னால் அம்மா. ஹெல்மெட் ஒன்று. இந்தக் குடும்பம் எங்கள் வீட்டுக்கு எத்தனையோ முறை இப்படித்தான் வந்து போயிருக்கிறது.

அவன் சாவியைப் போட்டான். திருப்பவில்லை. டேங்க் மேல் இருந்த சின்னவனின் இடுப்பை ஒரு கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தான். பிறகு அந்தக் கையை எடுத்துப் பார்த்தான்.

"மாமா, இதுக்கு என்ன பண்றது?" என்றான்.

சின்னத் தலைக்குச் சின்ன ஹெல்மெட் வாங்கலாம், பிள்ளையை நம் உடம்போடு சேர்த்துக் கட்டும் பட்டை வாங்கலாம். ஒன்றுமே இல்லாததற்கு அவை எவ்வளவோ மேல். ஆனால் அவன் கேட்டது அன்று மாலை வீடு போய்ச் சேர்வதைப் பற்றி. அன்று காலை அவன் கையிலிருந்து போனதை நான் பார்த்திருந்தேன். அதன் பிறகு அவனிடம் பரவாயில்லை, மெதுவாகப் போ என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மகன் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். பிள்ளைகள் இரண்டுக்கும் ஏற்ற சீட் காரில் இல்லை என்று தாய்மாமனே சொன்னான், நான் சொல்லவில்லை. அதை மெதுவாகத்தான் சொன்னான்.

கடைசியில், எங்கள் வாசலுக்கு எதிரே நிற்கும் பேரிகை டவுன் பஸ்ஸில் மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிவிட்டான். சின்னவன் பைக்தான் வேண்டும் என்று அழுதான். டிரைவருக்குப் பின்னால், சன்னலை விட்டுத் தள்ளி உட்காரச் சொல்லி மனைவிக்குக் கையால் காட்டினான். பஸ் நகர்ந்ததும் பைக்கை எடுத்தான். ஹெல்மெட்டைப் போட்டு, கழுத்துக் கொக்கியை மாட்டினான். எப்போதும் கைப்பிடியில் தொங்குகிற ஹெல்மெட்.

அவன் பஸ்ஸை முந்தவில்லை. அது நின்ற இடத்தில் நின்று, போன வேகத்தில் போய், வளைவு வரை அதன் பின்னாலேயே போவதை வாசலில் நின்று பார்த்தேன்.